மூலப்படி காணாத திறனாய்வு

இலக்கியத் திறனாய்வு என்பது ஒரு நூலின் நிறைகுறைகளை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறும் கலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கருப்பொருள், பாத்திரப் படைப்பு, நடை, உத்தி எனத் தலைப்புகள் வகுத்துக்கொண்டு நூலைப் பகுத்தாய்வதே திறனாய்வாளரின் பணி என மாணவர்க்கும் கற்பிக்கப்படுகிறது. இவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட வினாக்கள் சில உள்ளன. எடைபோடப்படும் நூல் எது? அதன் எந்தப் பதிப்பு? அப்பதிப்பின் படியைத் திறனாய்வாளர் தம் கண்ணால் கண்டாரா? இவ்வினாக்களுக்கு விடை கூறாமல் எழுதப்படும் திறனாய்வு, கேள்விப்பட்ட செய்தியைக் கொண்டு வழக்கைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பைப் போன்றதாகும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ‘முதல்’ என்னும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. முதல் கவிதை நூல், முதல் சிறுகதை, முதல் நாவல், முதல் இதழ் என்று பட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாளுகிறார். அவர் எழுதியதைப் பிறிதொருவர் எடுத்தாளுகிறார். மூன்றாவது கைக்கு வந்து சேரும்போது, முதலாமவர் ஐயத்துடன் கூறிய செய்தி ஐயமற்ற உண்மையாகிவிடுகிறது. மாணவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். நூலை மட்டும் எவரும் பார்த்ததில்லை.

இக்குறையைத் தீர்ப்பதற்குரிய இடம் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகமும் அரிய நூற்பகுதியுமாகும். பழம்பொருள் விரும்பிகளுக்கும் பட்டத்துக்காக ஆராய்வோருக்கும் மட்டுமே உரிய பூட்டிய அறை என்ற எண்ணம் அதனைப் பற்றிப் பரவலாக இருந்துவருகிறது. தமிழாசிரியரும் மாணவரும் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் அந்த அறையே என்பதற்குத் தமிழ்ப் பதிப்பு வரலாறே சான்றாக நிற்கிறது.

ஏட்டுச்சுவடி தந்த பாடம்

மூலப்படியைத் தேடிச் செல்லும் மரபு தமிழுக்குப் புதியதன்று. சி.வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே காட்டிச் செய்த பணி அது.

அப்பணியின் சிறப்பை உணர்வதற்குப் புறநானூறு ஒன்றே போதும். நானூறு பாடல்கள் கொண்ட அத்தொகையில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்கள் சிதைந்த நிலையில் உள்ளன. எஞ்சிய பாடல்களுக்கு எண்ணை மாற்றியமைத்துத் தொகை முழுமையாக இருப்பதுபோலக் காட்டுவது கடினமன்று. சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்புவதும் புலவர்க்கு இயலாததன்று. அவ்வாறு செய்யப்படாததால்தான் இன்றும் மாணவர் ஒருவர் அவ்விரு எண்களுக்கு நேராக வெற்றிடத்தைக் காண்கிறார். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று கூறும் நேர்மையே ஆராய்ச்சியின் அடிப்படை. தமிழ்த் திறனாய்வு தன் முன்னோரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடமும் அதுவே.

ஏடுகளின் காலத்தில் நூலைக் காப்பது என்றால் அதனைப் பெயர்த்தெழுதுவது என்றே பொருள். பனையோலை ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பதரிது. ஆதலால் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதப்பட்டது. அச்சு வந்தபின் அக்கவலை நீங்கிவிட்டதாகத் தமிழர் எண்ணினர். ஆயிரம் படிகள் அச்சிடப்பட்ட நூல் எங்கே மறைந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கையே அச்சு நூல்கள் பல அழிந்ததற்குக் காரணமாயிற்று. எல்லாரிடமும் இருக்கும் என்று கருதப்பட்ட நூலை ஒருவரும் காக்கவில்லை.

கடல் கடந்து வாழ்ந்த முதல் நூல்கள்

தமிழில் அச்சேறிய முதல் நூல்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1554-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான இலிசுபனில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அமைந்த சமயச் சிறுநூல் ஒன்று அச்சிடப்பட்டது. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறுநூலை உருவாக்கியவர் அன்றீக்கு அடிகளார் எனத் தமிழர் அழைத்த போர்த்துக்கீசியத் துறவியார். 1679-ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில், அந்தாம் தெ புரோயன்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது.

இந்நூல்கள் எங்கே எஞ்சின என்று நோக்கின் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். முதலாவது இலிசுபன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் வைக்கப்பட்டுள்ள ஹாட்டன் நூலகத்தைச் சேர்ந்தது. மூன்றாவதன் படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. இவற்றை ஓதிய மக்களின் இல்லங்களில் ஒரு படியேனும் தங்கியதாகத் தெரியவில்லை. பிற நாட்டார் அவற்றைக் கொண்டு சென்றதைக் குறைகூறுவோர் உண்டு. கொண்டு சென்ற இடத்தில் அவை பட்டியலில் பதிவு செய்யப்பட்டன, எண் இடப்பட்டன, பேழையில் வைக்கப்பட்டன. அதனாலேயே நானூறு ஆண்டுகள் வாழ்ந்தன என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆர்வர்டுப் படியை ஆராய்ந்து ஷூர்ஹாமர், காட்ரெல் ஆகிய இருவர் 1952-இல் அப்பல்கலைக்கழக நூலகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கிய தனிநாயகம் அடிகளார், ஐரோப்பிய நூலகங்களுக்கு நேரிற் சென்று தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் கண்டு எழுதினார். அவருடைய கட்டுரைகள் வாயிலாகவே இம்முதல் நூல்கள் பற்றிய செய்தி தமிழுலகில் பரவியது.

மூலப்படியைக் காண்பதால் என்ன பயன் என்று வினவும் மாணவருக்கு ‘தம்பிரான் வணக்கம்’ நல்ல விடையளிக்கிறது. அதன் பக்கத்தை நிழற்படமாகக் காண்போர்க்கு மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி இல்லாமை முதலில் தென்படும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் காட்டப்பட்டிராது. ஏட்டில் எழுதிய முறையையே அச்சும் பின்பற்றிய காலம் அது. இந்நெடில்களை வேறுபடுத்தி எழுதும் முறை வீரமாமுனிவர் (1680-1747) செய்த சீர்திருத்தத்தோடு தொடர்புடையது என்று வகுப்பறையில் கற்பிக்கப்படுகிறது. ஒரு பக்கத்தின் நிழற்படத்தை மாணவர்முன் வைத்துப் படிக்கச் சொன்னால் அச்சீர்திருத்தத்தின் தேவை அரை நாழிகையில் விளங்கிவிடும். அதே நூலைப் புள்ளியிட்டு, இக்கால எழுத்தில் மாற்றி அச்சிட்ட பதிப்பில் இப்பாடம் மறைந்துவிடுகிறது. மறுபதிப்பு, படிப்போர்க்கு உதவி செய்யும் அளவிலேயே மூலத்தின் சான்றுகளை அழித்தும் விடுகிறது என்பதைத் திறனாய்வாளர் மறத்தலாகாது.

ஒரு வெள்ளியில் எழுந்த நூலகம்

1949-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்குரிய இடம் குறித்துக் கடும் விவாதம் நிகழ்ந்தது. தமிழே அத்துறையின் உயிர்நாடியாக இருத்தல் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார், மக்களைத் திரட்டினார். 1950-களின் நடுப்பகுதியில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி தருக என்பதே வேண்டுகோள். பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்கு நூல்கள் வாங்குவதற்கென அப்பணம் தண்டப்பட்டது. பால்மரம் சீவியவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், சிறு கடை வைத்திருந்தவர்களும் தந்த வெள்ளி அது. தாங்கள் ஒருநாளும் நுழையப் போவதில்லை என்று அறிந்திருந்த ஒரு நூலகத்துக்காக அவர்கள் தந்தார்கள்.

1956-ஆம் ஆண்டில் இந்தியவியல் துறை பிறந்தது. பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. 1961 முதல் 1969 வரை தனிநாயகம் அடிகளார் அங்குப் பணியாற்றினார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் வழியே வெளிவந்த இரு நூல்களை அறிந்தவர் மிகச் சிலரே. ஒன்று, வத்திக்கானிலிருந்த புரோயன்சா அகராதியின் நிழற்படப் பதிப்பு. மற்றொன்று, தமிழியல் நூல்களுக்கான ஆங்கில வழிகாட்டி. மூன்றாண்டுகள் கழித்து, 1969-இல், இராம. சுப்பையா தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் வரிசைப்படுத்திய நூல் அது.

மாநாட்டின் ஊர்வலமும் உரைகளும் மக்கள் நினைவில் நிற்க, இம்மூன்று நூல்களும் நூலக அலமாரியில் நிற்கின்றன. எனினும் இவற்றுள் ஒவ்வொன்றும் திறனாய்வுக்குரிய ஒரு கருவி. அகராதியின் நிழற்படப் பதிப்பு, உலகின் ஒரு மூலையில் இருந்த படியைப் பல நூலகங்களில் இருக்கச் செய்தது. 17-ஆம் நூற்றாண்டுத் தமிழ் வழக்கை ஆராய விரும்புவோர் உரோமாபுரிக்குச் செல்ல வேண்டிய தேவை நீங்கியது. வழிகாட்டி நூல், ஒரு பொருளைப் பற்றி முன்னர் எழுதப்பட்டவை யாவை என்று அறிந்த பின்னரே எழுத வேண்டும் என்னும் ஒழுக்கத்தைக் கற்பித்தது. ‘தமிழ் மலேசியானா’வோ, இந்நாட்டுத் தமிழருக்கு இலக்கியம் உண்டா என்று வினவியோர்க்குப் பெயர்களையும் தலைப்புகளையும் வரிசையாக நிறுத்தி விடையளித்தது.

குறைகளையும் கூறுவதே நடுநிலை. அகராதியின் பொருள்கள் போர்த்துக்கீசிய மொழியில் இருப்பதால், அம்மொழி அறியாத தமிழ் மாணவர் அதனைக் கையிலெடுத்தும் பயன்கொள்ள முடிவதில்லை. வழிகாட்டி நூல் ஆங்கிலத்தில் அமைந்ததால் தமிழ்வழி கற்ற ஆசிரியர் பலரை அது எட்டவில்லை. பட்டியல்களுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. 1865-இல் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலும், 1909-இல் பார்னெட்டும் போப்பும் தொகுத்த பிரித்தானிய அரும்பொருளகத் தமிழ் நூற்பட்டியலும் அவ்வெல்லைக்கு உட்பட்டவையே. ஓர் இதழ் இருந்தது என்று பட்டியல் கூறும். அவ்விதழின் உள்ளே எந்தக் கதை, எந்தக் கவிதை, எந்த விவாதம் இருந்தது என்று அது கூறாது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி இதழ்களின் உள்ளேதான் இருக்கிறது.

நூலகத்தாரிடமும் ஒரு குறை உண்டு. தமிழ் நூல்களின் பெயரை உரோமன் எழுத்தில் பெயர்த்துப் பட்டியலிடுவது பல பல்கலைக்கழக நூலகங்களின் வழக்கமாக இருந்துவந்தது. அம்முறையில் சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தாகிய ‘சி’ வழங்கப்படுகிறது. ‘சிங்கை’ என்று தொடங்கும் நூலைத் தேடும் ஆசிரியர் ‘எஸ்’ என்ற எழுத்தின்கீழ்த் தேடி, இல்லை என்று திரும்புகிறார். நூல் ‘சி’ என்ற எழுத்தின்கீழ்க் காத்திருக்கிறது. இருக்கும் நூலும் இல்லாத நூலாகிவிடும் இந்நிலையைத் தமிழ் எழுத்திலேயே தேடும் வசதியால் நீக்கலாம். அது வராத இடங்களில் இப்பெயர்ப்பு முறையை ஆசிரியர் அரைநாளில் கற்றுக்கொள்ளலாம்.

செய்தித்தாளில் உறங்கும் இலக்கியம்

நூலகப் படி ஒன்றால் இலக்கிய வரலாறே மாறுவதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. 1887-ஆம் ஆண்டு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழ் அங்குத் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. 1890 வரை அது நடைபெற்றது. அதில் 1888-ஆம் ஆண்டு ‘வினோத சம்பாஷணை’ என்ற தலைப்பில் உரையாடல் வடிவக் கதைகளை அவர் எழுதினார். எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி (1946-1999) இதனை எடுத்துக்காட்டி, இவ்வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதையாசிரியர் மகுதூம் சாயபுவே என்ற கருத்தை முன்வைத்தார்.

உரையாடலாக அமைந்த அவ்வெழுத்தைச் சிறுகதை என்று கூறலாமா? சிறுகதைக்குரிய ஒருமைப்பாடு அதில் உண்டா? நாடகக் கூற்றுக்கும் கதைக்கும் உள்ள எல்லை எது? இவையே திறனாய்வாளர் ஆராய வேண்டிய வினாக்கள். கருத்து வேறுபாடு இருக்கலாம், இருப்பதே நன்று. ஆனால், அவ்விதழின் படிகள் பாதுகாக்கப்படாதிருந்தால் இவ்விவாதமே தோன்றியிராது. மறுப்போர்க்கும் ஏற்போர்க்கும் பொதுவான களத்தை அமைத்துத் தந்தது பழைய செய்தித்தாள். அதனைப் படிக்காமலே ஏற்போரும், படிக்காமலே மறுப்போரும் அக்களத்துக்குப் புறம்பானவர்கள்.

அக்காலத்து அச்சு நூல்கள் எஞ்சியதற்கு ஆட்சிச் சட்டமும் ஒரு காரணம். நீரிணைக் குடியேற்றங்களில் 1886-ஆம் ஆண்டு நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சிடப்பட்ட நூலின் படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது விதித்தது. ஒப்படைக்கப்பட்டவற்றிலிருந்து இலண்டன் அரும்பொருளகத்துக்கும் படிகள் சென்றன. அயலாட்சி தன் கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடு, பிற்காலத் தமிழ் மாணவருக்கு ஆவணமாக உதவுகிறது. விடுதலைக்குப் பின்னர் மலேசியா 1966-லும் 1986-லும் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளது. சட்டம் இருந்தும் தாமாக முன்வந்து நூலை ஒப்படைக்கும் பழக்கம் வெளியீட்டாளரிடம் வேரூன்றவில்லையெனில் பயன் குறைவே.

பிற்காலத்துக்கு வந்தால், 1924-இல் தொடங்கி 2019 சனவரியில் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழ் நினைவுக்கு வருகிறது. 1950-ஆம் ஆண்டில் அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதை எழுதும் முறை அதில் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. மலேசியச் சிறுகதையாசிரியர் ஒரு தலைமுறையினர் அவ்வகுப்பிலிருந்து தோன்றினர் என்று இலக்கிய வரலாறுகள் கூறுகின்றன. அக்கூற்றைச் சோதிப்பதற்கு எழுத்தாளரின் சிறுகதைத் தொகுதி போதாது. தொகுதியில் திருத்தப்பட்ட இறுதி வடிவமே இருக்கும். ஆசிரியர்கள் கற்பித்த பாடம் எது, மாணவர் எழுதிய முதல் வடிவம் எது, எந்தக் குறை சுட்டிக்காட்டப்பட்டது, எது திருந்தியது என்பவை நாளிதழின் பக்கங்களில்தான் தொடர்ச்சியாகக் காணக்கிடைக்கும். எழுத்துக்கலையைக் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் எது?

அரிதும் உயர்வும்

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அரிய நூல் அனைத்தும் உயர்ந்த நூல் ஆகிவிடாது. ஒரு நூல் அரிதாவதற்குக் கரையானும் காரணமாகலாம். அதனை எவரும் விரும்பாமையும் காரணமாகலாம். ‘தம்பிரான் வணக்கம்’ வேற்றுமொழிச் சமய வினாவிடையின் தமிழ் வடிவம். அதன் பெருமை அச்சுக்கலை வரலாற்றில் உள்ளது. அதனைக் கம்பனோடு ஒப்பிடுவாரில்லை. சிங்கப்பூரில் 1872-ஆம் ஆண்டு அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ இவ்வட்டாரத்தின் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று என்பதனாலேயே அதன் கவிதைச் சிறப்பு முடிவாகிவிடாது. காலப் பழைமையைத் தவிர்த்துப் பாடலைப் பாடலாகவும் படித்தல் வேண்டும். நூலகம் படியைத் தரும். மதிப்பீட்டைத் திறனாய்வாளரே செய்ய வேண்டும். முந்தியது என்பதையே சிறந்தது என்பதற்கு ஈடாகக் கொள்ளும் போக்கு, மூலத்தைப் பாராத போக்குக்கு எவ்வகையிலும் குறைந்த தவறன்று.

இரண்டு பணியும் இணையும்போது எத்தகைய விளைவு உண்டாகும் என்பதற்குப் புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பு ஒரு சான்று. ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பு, கதைகளைக் கால வரிசையில் அமைத்தது. இதழில் வந்த வடிவத்தையும் நூலில் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டியது. அதன்பின் அவ்வெழுத்தாளரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் ஊகத்தால் பேச வேண்டிய நிலை நீங்கியது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் ஒருவருக்கேனும் இத்தகைய பதிப்பு வருதல் வேண்டும். அதற்கு முதல் நிபந்தனை பழைய இதழ்கள் எஞ்சியிருத்தல்.

காகிதத்தின் ஆயுள்

எஞ்சியிருத்தல் எளிதன்று. செய்தித்தாள் மரக்கூழால் செய்யப்படுவது. அதிலுள்ள பொருள்கள் ஒளியும் காற்றும் பட்டு அமிலமாக மாறுகின்றன. தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிகிறது. ஈரம் மிகுந்த இவ்வட்டாரத்தில் பூஞ்சையும் கரையானும் இராமபாணப் பூச்சியும் அவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. அரிய நூற்பகுதியில் குளிரும் ஈரப்பதமும் அளவாக வைக்கப்படுவதும், நூல் வெளியே எடுத்துச் செல்லப்படாததும், பேனாவுக்கு மாறாகப் பென்சில் மட்டும் அனுமதிக்கப்படுவதும் படிப்போரைத் துன்புறுத்துவதற்காக அல்ல. அந்நூலுக்கு மாற்று இல்லை என்பதே காரணம்.

ஒரே இடத்தில் வைத்துக் காப்பதும் போதாது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்தவை மீண்டும் வாங்கப்படலாம். படி இல்லாதவை என்றும் மீளா. பெயர்த்தெழுதுதல் என்ற பழைய அறத்தை நுண்படச்சுருளும் மின்படியும் இக்காலத்தில் நிறைவேற்றுகின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவை கப்பலேற்றப்படவில்லை. சென்னையிலேயே நூலகமாக அமைக்கப்பட்டு, நுண்படமாக்கப்பட்டு, தமிழ்நாட்டு ஆய்வாளருக்கும் பயன்படுகின்றன. 1578-இன் நூலுக்கு வாய்க்காத பேறு இது. சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையிலான தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350, தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகமும் இணைந்து 2015-இல் மின்படிகளாக்கப்பட்டன. ஐம்பது ஆண்டு நூல்களைத் தேடித் திரட்டுவதற்கு ஒரு சமூகமே முனைய வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இப்பெரும் பணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்கு என்ன? அவர்கள் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, சான்று காட்டும் பழக்கம். மாணவர் கட்டுரை எழுதும்போது, நூலின் பெயரோடு பதிப்பு ஆண்டையும் குறிக்கப் பயிற்றுதல் வேண்டும். நேரே படித்ததை நேரே படித்தது என்றும், பிறர் நூலில் கண்டதைப் பிறர் நூலில் கண்டது என்றும் எழுதச் செய்தல் வேண்டும். இச்சிறு ஒழுக்கம் பள்ளியில் படிந்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவை இராது.

இரண்டாவது, பள்ளியின் ஆவணங்களைக் காத்தல். பள்ளி ஆண்டு மலர்கள், இலக்கிய விழா மலர்கள், தோட்டப்புற மன்றங்களின் சிற்றிதழ்கள், தட்டச்சில் அமைந்த நாடகப் படிகள் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவை. எழுத்தாளர் பலரின் முதல் படைப்பு இத்தகைய மலர்களிலேதான் வந்திருக்கும். தோட்டம் விற்கப்பட்டுப் பள்ளி இடம் மாறும்போது, பழைய காகிதம் என்று எடைக்குப் போடப்படுவனவும் இவையே. எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றிலும் ஒரு படியை நூலகத்துக்கு அனுப்பினால் போதும். அதற்கு அஞ்சற் செலவைத் தவிர வேறு செலவில்லை.

மூன்றாவது, நூலகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுதல். ஆறாம் படிவ மாணவரும் ஆசிரியர் பயிற்சி பெறுவோரும் ஒருமுறையேனும் ஒரு பழைய இதழின் தொகுதியைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். தாம் படித்த கதை விளம்பரங்களுக்கும் ரப்பர் விலைக்கும் நடுவே முதன்முதலாக அச்சாகியிருப்பதைக் காணும் மாணவர், அக்கதை யாருக்காக எழுதப்பட்டது என்பதை உரைநூலின் துணையின்றியே உணர்வார்.

‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு ஒரு வெள்ளி தந்தவருள் பலர் தம் பெயரையும் எழுதத் தெரியாதவர்கள். தம் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலைத் தொட்டுப் படிக்க வேண்டும் என்ற ஒன்றே அவர்கள் கேட்ட வட்டி. நூலைத் தொடாமலே அதைப் பற்றி எழுதுவோர் அக்கடனைத் திருப்பித் தராதவர்கள். மூலப்படியைத் தேடிக் கண்டு, படித்து, ஒப்பிட்டு, இல்லாததை இல்லை என்றும் உள்ளதை உள்ளவாறும் கூறும் திறனாய்வு மலருமானால், அந்த ஒரு வெள்ளிக்கு உரிய கணக்கு நேர்செய்யப்படும்.